பம்பு அம்மையார் ஓய்வில் இருக்கிறார்

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு ஜெர்மனியில் செய்தது. அது நின்றுபோன செய்தியைக் குடிநீர் அலுவலகம் மிகுந்த வருத்தத்துடனும், அதைவிட மிகுந்த பொறுப்புணர்ச்சியுடனும் ஏற்றுக்கொண்டது. மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று பம்பு அறையைப் பளபளவென்று துடைத்தார்கள். அன்று நின்றதுதான். சுவரில் இருந்த பெட்டியில் ஒரு விசையும், அதன் முள் காட்டிய இடத்தில் ஜெர்மன் மொழியில் ஒரு சின்னச் சொல்லும் இருந்தன.

"புரியாத எழுத்து இருக்கிற கருவியைத் தொடுறது விதிமீறல்" என்றார் குடிநீர் அலுவலக அதிகாரி. "முதல்ல மொழி. அப்புறம்தான் தண்ணி."

ஆக, ஊழியர் அனைவரும் வேலை நேரத்தில் ஜெர்மன் கற்றாக வேண்டும் என்று ஆணை பிறந்தது. ஆசிரியராக அதிகாரியின் மைத்துனர் நியமிக்கப்பட்டார். அவர் ஜெர்மனியை நேரில் கண்டவர். விமானம் மாறுவதற்காக ஒரு மதியம் முழுக்க அங்கே விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தார்.

இதில் முதலில் அடிபட்டது சலவைக்கடை அக்கா. தண்ணீர் இல்லாமல் சலவைக்கடை நடத்தும் வழியை இதுவரை எந்த அலுவலகமும் கண்டுபிடிக்கவில்லை. மலையாகக் குவிந்த துணிகளை வாடிக்கையாளர்கள் அழுக்கோடேயே திருப்பி வாங்கிப் போனார்கள். கடை போய்விடும் போலிருந்தது. அக்கா அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார்.

"சார், தண்ணி எப்போ வரும்?"

"உஷ்! வகுப்பு நடக்குது."

வகுப்பில் அன்று பெரும் நெருக்கடி. ஜெர்மனில் மேஜை ஆண்பால், விளக்கு பெண்பால் என்று மைத்துனர் சொல்லிவிட்டார்.

"மேஜை எப்படிங்க ஆம்பளை ஆச்சு?" என்றார் குமாஸ்தா.

"அதெல்லாம் கேக்கக் கூடாது. மனப்பாடம் பண்ணணும்."

"அப்போ சின்னப் பொண்ணு?" என்று கேட்டார் தட்டச்சர் அம்மா.

"அது மட்டும் ரெண்டும் இல்லை. நம்ம அஃறிணை மாதிரி வெச்சுக்குங்க."

"நல்லா இருக்கே கதை! மேஜைக்கு இருக்கிற மரியாதை எங்க வீட்டுப் பொண்ணுக்கு இல்லையா?"

அதிகாரிக்கு வேறு கவலை. "பம்பு என்ன பால்?"

"பெண்பால், மாமா."

அதிகாரி எழுந்தே விட்டார். "ஐயையோ! இத்தனை நாளா 'அது ஓடலை'ன்னு எழுதிட்டோமே. அவங்க மனசு என்ன பாடுபட்டிருக்கும்!"

அன்று மாலையே பம்பு அறைக் கதவில் அறிவிப்பு தொங்கியது: 'பம்பு அம்மையார் ஓய்வில் இருக்கிறார். பொதுமக்கள் தொந்தரவு செய்ய வேண்டாம்.'

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கும்தான். ஆனால் நான் வழக்கம்போல மனசுக்குள் திட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன். அக்கா போகவில்லை. கடையில்தான் வேலை இல்லையே என்று மறுநாளிலிருந்து வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

'ஒரு கிளாஸ் தண்ணீர், தயவுசெய்து' என்பது பாடம். ஊழியர்களுக்கு நாக்கு புரளவில்லை. அக்கா எழுந்து, "ஐன் கிளாஸ் வாஸர், பிட்டெ!" என்றார். தொண்டை வறண்டிருந்ததாலோ என்னவோ, அத்தனை உருக்கமாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"நீங்க இத்தனை நாளா இதைத்தானே கேட்டுட்டிருந்தீங்க?" என்றார் அதிகாரி, கண் கலங்கி. "இப்பத்தாம்மா எனக்குப் புரிஞ்சுது."

அடுத்த பாடத்தில், 'ஆவுஸ்' என்று எழுதியிருந்தால் அணைத்திருக்கிறது என்று அர்த்தம் என்றார் மைத்துனர். கரும்பலகையில் எழுதியும் காட்டினார். அக்கா துள்ளி எழுந்தார்.

"சார்! நான் போய்ப் பார்த்திருக்கேன், பம்புப் பெட்டியில முள்ளு அந்த வார்த்தை மேலதான் நிக்குது. துடைக்கும்போது யாரோ திருப்பிட்டாங்க. மறுபடி திருப்பி விட்டா தண்ணி வந்துடும்!"

ஜெர்மனிக்கு ஒரு கல்விச் சுற்றுலா போக மைத்துனர் அப்போதுதான் அனுமதி வாங்கியிருந்தார். அவர் அவசரமாகக் கரும்பலகையை அழித்தார்.

"தண்ணி வந்துட்டா வகுப்பு எதுக்குன்னு மேலிடம் கேக்குமே" என்றார் அதிகாரி மெதுவாக. பிறகு முகம் மலர்ந்தது. "ஏம்மா, இவ்வளவு அறிவுள்ளவங்க கடைசி பெஞ்சில இருக்கலாமா?"

அக்கா அன்றே உதவி ஆசிரியை ஆனார். மாதச் சம்பளம், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி, அலுவலகச் செலவில் வீட்டுக்கு லாரித் தண்ணீர். அக்கா சோப்பில் வெந்துபோன தன் கைகளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விப்பட்டபோது எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

விஷயம் பரவி, மறுநாள் தெருவே திரண்டு போனோம். "அக்கா, திருப்பினா போதும்னு நீங்களே சொன்னீங்களாமே. திருப்பிடுங்களேன்!"

"பிட்டெ வார்ட்டன்" என்றார் அக்கா, நிமிர்ந்து பார்க்காமல்.

"அப்படின்னா?"

"தயவுசெய்து காத்திருங்கன்னு அர்த்தம். மத்ததெல்லாம் வகுப்புக்கு வந்து படிச்சுக்குங்க."

கோபத்தில்தான் சேர்ந்தோம். படித்து முடித்து, அவர்கள் மொழியிலேயே கேட்டு, மானத்தை வாங்கிவிடுவது என்று திட்டம். இப்போது விசையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பம்பு அறைக்குப் பூட்டுகூடக் கிடையாது. ஆனால் சான்றிதழ் வழங்கும் விழா நெருங்கிவிட்டது. மேடையில் நன்றியுரை சொல்லும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று அடுத்த தெருக்காரர் ஒருவர் காலிக் குடத்தோடு என்னை மறித்தார். அவர்களுக்கும் இதே பம்புதான். "ஏங்க, உங்களுக்குத்தான் தெரியுமாமே. ஒரு தடவை கையை வெச்சுத் திருப்பக் கூடாதா?"

"பிட்டெ வார்ட்டன்" என்றேன். உச்சரிப்பு நன்றாகவே வந்தது.