செவ்வாய்க்கிழமை எக்ஸ்பிரஸில் ஒரு ஜன்னல் சீட்டு

கல்யாணமாகி பதினோரு வருஷத்துல பகவதிப்பெருமாள் பிள்ளை ரயில்ல ஜன்னலோரம் ஒரு தடவைகூட இருந்ததில்ல. வண்டியில கால் வச்சதுமே அவரு பெஞ்சாதி உலகம்மை சேலைத்தலைப்பால வாயைப் பொத்திக்கிடுவா. "ஓக்காளம் வருகு, எனக்குக் காத்து வேணும்." ஜன்னல் அவளுக்கு. அந்த ஓக்காளம் இதுவரைக்கும் வந்ததே கிடையாது. இடம் கிடைச்ச அடுத்த நிமிஷம் முறுக்கு டின்னைத் திறந்திருவா.

இந்தத் தடவை விடப்பிடாதுன்னு பிள்ளை சங்கல்பம் எடுத்தாரு. கிளப்பிவிட்டது ஆபீஸ்ல கூட வேலை பாக்குற சேஷன்.

"ஓய், புது எஞ்சின்! கொல்லம் வரைக்கும் பறக்கு! எஞ்சினைப் பாத்த ஜன்னல்ல இருந்துபாரும். தந்திக் கம்பமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி வரும்."

சேஷன் சொன்னா பாதியைத் தள்ளிரணும். தன் கல்யாணத்துக்கு ஆயிரம் பேரு வந்தாங்கம்பாரு. நான் பந்தியிலேயே எண்ணினேன், எம்பத்திரெண்டு இலை. அதுலயும் ஒருத்தரு ரெண்டு பந்தி. கெடக்கட்டும், பிள்ளை கதைக்கு வாறேன்.

சாலைக் கடைத்தெருவுக்குப் போயி, மோட்டார்க்காரன் போடுகிற பெரிய கண்ணாடி ஒண்ணு வாங்கினாரு, கண்ணுல கரி விழாம இருக்க. பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயும் உடைச்சாரு. செங்கோட்டையில உலகம்மைக்க அண்ணன் மகனுக்குப் புதன்கிழமை காதுகுத்து. இவரு செவ்வாய்க்கிழமை வண்டிக்கு டிக்கெட் எடுத்தாரு. ஒரே ஒரு டிக்கெட்.

"ஏட்டி, எனக்குச் செவ்வாய்க்கிழமைதான் லீவு தந்தான்."

"செவ்வாயா? வண்டி வடக்கே இல்லா போகு! அன்னைக்கு வடக்கே சூலமாக்கும்!"

"அய்யோ, மறந்தே போச்சே!"

"நான் அன்னைக்குப் புறப்பட மாட்டேன், சொல்லிட்டேன்."

"அப்ப நான் மட்டும் போயிட்டு வாறேன். என்ன செய்ய, நம்ம விதி." மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டாரு. உள்ளுக்குள்ள ரயில் ஓடிச்சு. சூலம் உள்ள திசையில உலகம்மை பாத்திரம் கழுவின தண்ணியைக்கூடக் கொட்ட மாட்டா.

"சரி, பாத்துப் போங்க"ன்னா. சண்டையே போடல்ல. அங்கேயே அவரு பயந்திருக்கணும்.

செவ்வாய்க்கிழமை தம்பானூர் ஸ்டேஷன்ல முதல் ஆளா ஏறினாரு. எஞ்சினைப் பாத்த ஜன்னல். துண்டு போட்டாரு, அதுமேல தானும் இருந்தாரு. கண்ணாடியையும் மாட்டிக்கிட்டாரு. விசில் ஊத ரெண்டு நிமிஷம் இருக்கு. ஒரு பொட்டணமும் முறுக்கு டின்னும் வாசல்ல தெரிஞ்சுது. பின்னாலேயே உலகம்மை.

"ஏட்டி! சூலம்!"

"எனக்கு என்ன சூலம்? நான் ஞாயித்துக்கிழமையே புறப்பட்டாச்சு."

"நேத்து எனக்கு ரசம் விட்டது ஆரு?"

"உடம்புதான் வீட்டுல இருந்துது. ஞாயித்துக்கிழமை நல்ல நேரத்துல என் சேலைப் பொட்டணத்தைப் பக்கத்துவீட்டு லீலாபாய்கிட்ட கொண்டு வச்சிட்டேன்லா. பரஸ்தானம்! பொட்டணம் படி இறங்கினா ஆளே இறங்கின மாதிரி."

"டிக்கெட்?"

"சேஷன் அண்ணன் எடுத்துத் தந்தாரு." அவரை மேலும் கீழும் பாத்தா. "நீங்கதான் சூலத்துல புறப்பட்டிருக்கியோ. அதுலயும் வடக்கே பாத்து இருக்கியோ! நேரே நெஞ்சுலல்லா குத்தும்? எந்திரிங்க, தெக்கே பாத்து இருங்க."

எதிர் ஜன்னல்ல இருந்த செல்லபாய்னு ஒரு தடிச்ச அம்மா, "அது நெசமாக்கும் சாரே, விளையாடப்பிடாது"ன்னு தள்ளி இடம் விட்டா. பெட்டியே தலையாட்டிச்சு. சூலத்தைக் கொண்டுவந்ததே அவருதானே! எந்திரிச்சாரு.

"அந்தக் கண்ணாடியும் தாங்க. முதுகுல கரி விழுந்தா கண்ணு கலங்குமா?"

வண்டி கிளம்பிச்சு. கடைக்காவூர் தாண்டினதும் எடுத்தான் பாருங்க ஒரு ஓட்டம்! சேஷன் பொய் சொல்லல்ல, முதல் தடவையா. பெட்டி ஆடுகு, பெஞ்சு குதிக்கி, முறுக்கு டின் பிள்ளை மடியில கிடுகிடுங்கு. கண்ணாடியும் மாட்டி, தலையை வெளிய நீட்டி உலகம்மை கூவுகா:

"ஏயப்பா! தென்னையெல்லாம் நம்ம மேல பாயுகு! அந்தா கம்பம்! அந்தா இன்னொண்ணு! எருமை! போச்சு!"

"எங்கடி எருமை?"

"உங்களுக்கு இப்ப வரும் பாருங்க!"

வந்துது, வாலு மட்டும். அவ பாத்து முடிச்சதுதான் அவருக்கு. கொண்டை அவிழ்ந்து, தலையை உள்ள இழுத்தப்ப பிச்சிப்பூ சிதறி அவரு மூஞ்சியில ஒட்டிச்சு. காயல் பாலத்துல தடதடதடன்னு ஏறவும் செல்லபாய் கண்ணை மூடிக்கிட்டு சிரிக்கா, அடக்க முடியல்ல.

உலகம்மை பிள்ளை பக்கம் திரும்பினா. "வாட்சைப் பாருங்க! மைல்கல்லை நான் சொல்லுகேன்! இந்தா ஒண்ணு!"

பெட்டி முழுக்க மூச்சைப் பிடிச்சுது.

"இந்தா அடுத்தது!"

"எம்பத்தஞ்சு செகண்டு! மணிக்கு நாப்பத்திரெண்டு மைல்!"

எல்லாரும் கைதட்டினாங்க. பிள்ளையும் தன்னை மறந்து தட்டினாரு. டின் விழுந்துது. பிறகுதான் உறைச்சுது, மைல்கல் ரெண்டையும் அவரு பாக்கவேயில்ல, வாட்சைத்தான் பாத்தாரு.

கொல்லம் தாண்டி வண்டி திரும்பினதும் துள்ளி எந்திரிச்சாரு. "கிழக்கே போகு! செவ்வாய்க்குக் கிழக்கே சூலம் கிடையாது!"

"ஞாயந்தான். புனலூர் வரட்டும்."

புனலூர்ல சொன்ன சொல்லு தப்பாம எந்திரிச்சா. கண்ணாடியையும் துடைச்சுக் குடுத்தா. பிள்ளை மாட்டிக்கிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தயாரா இருந்தாரு. பின்னால இன்னொரு எஞ்சின் வந்து முட்டுக் குடுத்துது. மலை ஏத்தம். வண்டி முனகிச்சு. மூச்சு வாங்கிச்சு. புல்லுக்கட்டு சுமந்த ஒருத்தி ஜன்னலுக்குக் கூடவே நடந்து வந்தா. கொஞ்ச தூரம் அவரு கண்ணாடியையே பாத்துட்டு, பாவம் போலக் கேட்டா:

"கண்ணு தீனமாணோ சாரே?"

கேட்டுட்டு அவ முன்னால போயிட்டா.

"ஏட்டி, இது எப்பத்தான் வேகம் எடுக்கும்?"

"எங்க ஊரு வண்டி எனக்குத் தெரியாதா? செங்கோட்டை தாண்டட்டும், பிறகு பாருங்க, பறக்கும்."

"நாம எங்க இறங்கணும்?"

"செங்கோட்டையில."