கொழுந்துத் தராசில் ஏறிய நாய்கள்

பதுளை மாவட்டத்திலேயே, இல்லை, இந்த இலங்கைத் தீவிலேயே ஊசியைக் கண்டு நடுங்கிய ஒரே வைத்தியர் எங்கள் தேயிலைத் தோட்டத்து மருந்தையாதான் என்று எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன். தொழிலாளிக்கு ஊசி போடும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொள்வார். ஊசி எங்கே இறங்கப்போகிறது என்று நோயாளிக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. இதனாலேயே எங்கள் தோட்டத்துக் காய்ச்சல்காரர்கள் பலர் ஆஸ்பத்திரி வாசல்படியிலேயே குணமாகி வீடு திரும்பினார்கள்.

தோட்டம் ஸ்பிரிங்வெளிக்கு மேலே. பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். எழுபதுகளின் நடுப்பகுதி, தோட்டங்களை அரசாங்கம் எடுத்த புதிது. நான் அங்கே ஆபீஸ் கணக்கு எழுதும் சின்னக் கிளாக்கர். மருந்தையா யாழ்ப்பாணத்துக்காரர், கல்யாணம் செய்யாதவர். அவருடைய சொந்தப் பெயர் ஆபீஸ் புத்தகத்தில் இருந்திருக்கும், ஆனால் யாரும் தேடிப் பார்த்ததில்லை. அவருக்கு உறவென்று இருந்தது ஒரு நாய். வெள்ளையாக, உருண்டையாக, மழையில் நனைந்தால் கரைந்துவிடும் என்று பயப்படும்படி இருக்கும். அதற்கு மாத்திரை என்று பெயர் வைத்திருந்தார்.

மாத்திரையை அவர் வளர்த்த சீரை என்னவென்று சொல்வது! அட்டை ஏறாமலிருக்க நாலு காலுக்கும் சவர்க்காரம் தடவுவார். பருந்து தூக்கிவிடும் என்று அதன் தலைக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நடப்பார், தான் மழையில் நனைந்துகொண்டே. வழியில் தொழிலாளிகள் குடியிருக்கும் லயத்து நாய் ஒன்று எதிர்ப்பட்டால் போதும், அந்த இடத்திலேயே ‘ஐசே’ என்று என்னைக் கூப்பிட்டுப் பிரசங்கத்தை ஆரம்பித்துவிடுவார்.

“ஐசே, பெரிய நாய் கோவத்திலை கடிக்கத் தேவையில்லை. விளையாட்டுக்குக் கவ்வி ஒருக்கா உதறினாலே சின்னதின்ரை முதுகெலும்பு போயிடும். சின்ன நாய் வெருண்டு ஓடினா, பெரியதின்ரை கண்ணுக்கு அது நாயில்லை, முயல். விளங்குதோ?”

“விளங்குதுங்கய்யா.”

“பயத்திலை சின்னதைத் தூக்கிப் பிடிக்கவும் கூடாது. தூக்கினா பெரியது பாயும். அந்த நேரம் நடுவிலை இருக்கிறது உம்மடை கை!”

எனக்கும் இந்தப் பிரசங்கம் தேவைதான். எங்கள் வீட்டிலும் ஒரு குட்டைக்கால் நாய் இருந்தது. ஹாலிஎல ஸ்டேஷனில் எங்கள் பின்னாலேயே டிக்கட் இல்லாமல் ரயிலேறி, பதுளையில் எங்களுடனேயே இறங்கியது. அதனால் என் மனைவி அதற்கு டிக்கட் என்று பெயர் வைத்தாள். அப்போது எங்களுக்குப் பிள்ளையில்லை. டிக்கட்டுக்குச் சோறு வைத்த பிறகுதான் அவள் எனக்குப் போடுவாள்.

இப்படி எல்லாரும் அவரவர் நாயோடு நிம்மதியாக இருந்த காலத்தில்தான் தோட்டத்தை நிர்வகிக்கப் புதிய பெரியதுரை வந்து சேர்ந்தார். வெள்ளைக்காரத் துரை போனபின் கொழும்பிலிருந்து வந்த சிங்களக் கனவான், நல்ல மனிதர். கன்றுக்குட்டி அளவில் இரண்டு அல்சேஷன்களைக் கொண்டுவந்தார். லண்டனில் படித்தபோது அங்கே பூங்காக்களில் எல்லார் நாயையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டு விளையாட விடுவதைப் பார்த்தாராம். அதே மாதிரி இங்கேயும் செய்ய ஆசைப்பட்டார்.

ஸ்டாஃபை எல்லாம் ஆபீசுக்குக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த தோட்டத் தமிழில் அறிவித்தார். “ஞாயித்துக்கிழமை எல்லாரும் நாய் கூட்டிட்டு கிரவுண்டுக்கு வாங்க. சங்கிலி வேணாம். நாங்க ஒரே குடும்பம். நாயும் ஒரே குடும்பம்.”

துரை வா என்றால் போகவேண்டும். தோட்டத்தில் அதற்கு மறுபேச்சு கிடையாது. மருந்தையாவின் முகம் வெளிறிப் போயிற்று. அன்று ஆஸ்பத்திரிக்கு வந்த இருமல்காரனுக்கு வயிற்றுப்போக்கு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மூன்று நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். சின்ன நாய்களுக்கு மூன்று மணி, பெரிய நாய்களுக்கு நாலு மணி. இருபது றாத்தலும், அதாவது ஒன்பது கிலோவும், அதற்குக் கீழும் சின்ன நாய். துரையிடம் போய்ச் சொன்னார். துரைக்கும் பிடித்துவிட்டது. நாய்களை நிறுக்க வேண்டுமே, தராசுக்கு எங்கே போவது? தோட்டத்தில் இருப்பது கொழுந்து நிறுக்கும் தராசுதான். அதைப் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் தொழிலாளிகளுக்கு வேலை பிரிக்கும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் ஒவ்வொரு நாயாகக் கொழுந்துச் சாக்கில் போட்டுத் தூக்கினார்கள்.

தராசு பிடித்தவர் கணக்கப்பிள்ளை. இருபது வருஷமாகக் கொழுந்து நிறுத்து, ஈரத்துக்கென்று எடையில் கழித்துப் பழகிய கை. அன்று லேசாகத் தூறல். மாத்திரையின் சாக்கு தொங்கியதும் அவர் வாய் தானாகவே சொல்லிற்று: “ஏழு றாத்தல். தண்ணிக்கும் சாக்குக்கும் ரெண்டு கழிவு. அஞ்சு!”

கொழுந்துக் கூடையோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சத்தமாகச் சிரித்தாள். “அடி ஆத்தே! நமக்குத்தான் கழிக்கிறாங்கன்னு இருந்தேன். இவனுக நாயையும் விடலடி!”

கழிவு போக எங்கள் டிக்கட் பதினாறு. வம்பு அதற்கு அடுத்த சாக்கில் தொடங்கியது. அதற்குள் இருந்தது பெரிய கிளாக்கருடைய நாய். பெயர் பிரிகேடியர். இருபத்தொன்று காட்டிற்று. கழிவு போகப் பத்தொன்பது.

“அப்ப சின்ன நாய்,” என்றார் மருந்தையா.

பெரிய கிளாக்கர் துள்ளி எழுந்தார். “என்னாங்க இது அநியாயமா இருக்கு! பெரிய கிளாக்கர் வீட்டு நாய் எப்பிடிங்க சின்ன நாயாகும்? நேத்து வந்த சின்னக் கிளாக்கர் நாயும் என் நாயும் ஒண்ணா?”

“ஐசே, இது பாதுகாப்புக்கு. உம்மடை நாயின்ரை நன்மைக்குத்தானே.”

“என் நாய்க்கு நன்மை வேணாங்க. மரியாதை போதும்.”

இந்த இடத்தில்தான் மருந்தையாவின் கணக்குத் தப்பியது. சின்ன நாய் என்றால் உயிர் பிழைக்கும் என்று அவர் நினைத்தார். சின்ன நாய் என்றால் சொந்தக்காரனும் சின்ன ஆள் என்று தோட்டம் நினைத்தது. போதாக்குறைக்குத் துரை வருவது நாலு மணிக்கு. மூன்று மணிக்குப் போகிறவன் துரை கண்ணில் படமாட்டான். அன்று சாயந்தரமே பிரிகேடியருக்கு எடை ஏற ரொட்டியும் டின் மீனும் ஊட்டத் தொடங்கிவிட்டார்கள். ஐந்து றாத்தல் தேறாத பூனை மாதிரி நாய்களை வைத்திருந்தவர்கள்கூட “நம்மளது பெரிய நாய்ங்க, பார்வைக்குத்தான் சிறுசு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

ஞாயிறு மூன்று மணிக்குக் கிரவுண்டில் இருந்தது மொத்தம் இரண்டே நாய்கள், மாத்திரையும் டிக்கட்டும். மருந்தையா ஒரு விசிலோடு நடுவில் நின்றார். ஒரு ஊது ஊதினால் எல்லாரும் அப்படியே நிற்க வேண்டும், இரண்டு ஊதினால் சின்ன நாய்கள் வெளியேற வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இரண்டு நாயும் ஒன்றையொன்று முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “பாத்தீரே, எவ்வளவு ஒழுங்கு!” என்றார்.

மூன்றே முக்காலுக்குத் துரையின் ஜீப் வந்துவிட்டது.

கால்மணி நேரம் முந்தி வந்தது துரையின் உற்சாகம். அதன் பின்னாலேயே பெரிய கிளாக்கரும் பிரிகேடியரும் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் பாதித் தோட்டம் வந்தது. மருந்தையா விசிலை வாயில் வைத்தார். ஆனால் ஊதவில்லை. துரை வரும்போது எழுந்து நிற்கலாம், தொப்பியைக் கழற்றலாம், ஆனால் துரை வந்ததும் புறப்பட்டுப் போவது என்பது எங்கள் தோட்டம் காணாத அவமரியாதை. மாத்திரைக்காக அத்தனை சட்டம் போட்ட மனிதருக்கு அந்த ஒரு சட்டத்தை மீற முடியவில்லை. நானும் நின்றேன். எனக்கும் கால் வரவில்லை.

“ஆ, டாக்டர்! நில்லுங்க, நில்லுங்க!” என்று கையை ஆட்டிக்கொண்டே துரை அல்சேஷன்களை அவிழ்த்துவிட்டார்.

அதே நேரம் மேல்மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கிற்று. எங்கள் பக்கத்தில் பனி கதவைத் தட்டிவிட்டு வருவதில்லை. கண் சிமிட்டுவதற்குள் கோல்கம்பம், ஜீப், துரை எல்லாம் மறைந்துபோயின. எங்கோ ஒரு விசில் கேட்டது. அது ஒரு தரமா, இரண்டு தரமா? ஒன்று என்று நான் நின்றேன். இரண்டு என்று யாரோ என்மேல் வந்து மோதினார்கள். கையைத் தடவிப் பார்த்தால், ஜீப்பைக் கண்டதும் பிடித்துக்கொண்ட டிக்கட்டின் கயிறு இல்லை. “டிக்கட்! டிக்கட்!” என்று கத்தினேன். பனிக்குள்ளிருந்து யாரோ, “நாய் பாக்க டிக்கட்டும் போட்டுட்டாங்களா?” என்று கேட்டான். ஒரு நாய் வீல் என்று கத்தியது. அதற்குப் பின் ஒரு மனிதன் கத்தினான்.

பனி விலகியபோது கண்ட காட்சி இன்னும் எனக்குக் குழப்பம்தான். பிரிகேடியர் ஜீப்புக்கு அடியில் இருந்தது. நடுக்கிரவுண்டில் மருந்தையா, தான் போட்ட பிரசங்கத்தைத் தானே மறந்து, இரண்டு சின்ன நாய்களையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கியபடி நின்றார். அல்சேஷன்கள் இரண்டும் வாலை ஆட்டிக்கொண்டு அவர்மேல் பாய்ந்து பாய்ந்து விழுந்தன. அவர் வலது கையிலிருந்து இரத்தம் சொட்டியது.

துரையின் முகம் மாறிற்று. வந்த முதல் வாரமே அவர் போட்டிருந்த உத்தரவு எல்லாருக்கும் தெரியும். ஆளைக் கடித்த நாயை அன்றைக்கே சுட வேண்டும். வெறி இருக்கிறதா என்று சோதிக்கத் தலையைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். துப்பாக்கியோடு காவல்காரன் அங்கேயே நின்றான்.

“டாக்டர், எந்த நாய் கடிச்சது?”

எல்லாரும் அல்சேஷன்களைப் பார்த்தோம். பார்த்தது துரைக்குத் தெரிந்துவிடுமோ என்று உடனே வானத்தைப் பார்த்தோம். மருந்தையா சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக் கையைச் சட்டென்று சுற்றிக்கட்டினார். மாத்திரையைக் கீழே விட்டார். டிக்கட்டை என் கையில் தந்தார்.

“தெரியாது சேர். பனிக்குள்ளை எல்லா நாயும் ஒரே நாய்தான்.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க. தெரியாட்டி உங்களுக்கு ஊசி போடணும். வயித்திலே. பதினாலு.”

பதினாலு என்றதும் அவர் சுவரைத் தேடுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடிக்கொண்டார். “தெரியாது சேர்,” என்றார் மறுபடியும். தன் நாய்களும் சந்தேகத்தில் இருந்ததால் துரையும் அதற்கு மேல் துருவவில்லை.

பாதி வழியில் பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவிடுவார் என்று என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். பதினான்கு நாளும் பதுளைக்குப் போனோம். போகும்போது பேசவே மாட்டார். ஆஸ்பத்திரியில் சட்டையைத் தூக்கி, கண்ணை மூடி, என் கையைப் பிடித்துக்கொள்வார். தொப்புளைச் சுற்றி ஒவ்வொன்றாக ஏறும். என் விரல்கள் அந்த இரண்டு வாரமும் பேனா பிடிக்கவில்லை. முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பணிஸ், அதுதான் இனிப்பு பன், வாங்குவார். ஒன்று மாத்திரைக்கு, ஒன்று டிக்கட்டுக்கு.

கடை முதலாளி ஒரு முஸ்லிம் பெரியவர். அவர் வாய்விட்டே கேட்டார். “என்ன டாக்டர், கடிச்ச நாய்க்கே பணிஸா?”

“எது கடிச்சதெண்டு தெரியாது முதலாளி. அதுதான் ரெண்டுக்கும்.”

தோட்டத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு. அல்சேஷனைக் காப்பாற்றித் துரையிடம் நல்ல பேர் வாங்கிவிட்டார் என்றார் பெரிய கிளாக்கர். எனக்குச் சந்தேகமே இல்லை, கடித்தது மாத்திரைதான். பெரிய நாயிடமிருந்து சின்ன நாயைக் காப்பாற்றப் போனவரைச் சின்ன நாயே கடித்துவிட்டது என்று அவர் முகத்துக்கு நேரேயே எத்தனையோ நாள் கேலி செய்திருக்கிறேன். சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

சில வருஷம் கழித்து அவர் ஓய்வு பெற்று ஊருக்குப் புறப்பட்டார். பதுளை ஸ்டேஷனில் மாத்திரையைக் கூடையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ரயில் நகரப்போகும் நேரம் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, கையை நீட்டித் தழும்பைக் காட்டினார். முதல் தரமாகப் பார்க்கிறேன். சின்னச் சின்னப் பல் தடங்கள். நடுவில் ஓரிடம் வெறுமை.

“உம்மடை டிக்கட்டுக்கு முன்பல்லு ஒண்டு இல்லையெல்லோ, ஐசே?”

“ஐயா, ஏன் அன்னைக்கே சொல்லல?”

“சொன்னா சுட்டிருப்பாங்கள். உம்மடை மனுசி பாவம்,” என்றார். ரயில் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஓவென்று அழுதாள். அழுது முடித்துவிட்டு, “என்னாங்க, டிக்கட்டுக்குப் பல்லு போனது அடுத்த வருசமில்ல? எலும்பக் கடிக்கிறப்ப போச்சே!” என்றாள். எனக்கு நினைவில்லை. அப்படியானால் மனிதர் கடைசி நேரத்தில் மாத்திரையின் பெயரைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்லிவிட்டுப் போனாரா? அல்லது என் மனைவிக்குத்தான் வருஷம் குழம்பிவிட்டதா? இன்றுவரை எங்கள் வீட்டில் இந்த வழக்கு முடியவில்லை.

கடித்தது எந்த நாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே அந்த மனிதரை நினைத்தால் கண் கலங்குகிறது. ஊசி வலியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பதினான்கு நாளும் மறக்காமல் அவர் இரண்டு பணிஸ் வாங்கினார்.