அரையடி முன்னால்

கயிற்றின் ஒரு முனை ஜெயப்பிரகாஷ் கையில் இருந்தது. மறுமுனையைப் பிடித்திருந்தவர் அவனை இழுத்துக்கொண்டு போனார்.

ரஞ்சன்குடிக் கோட்டையில் ஏறத் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பார்வையற்றவர்களைத் தொண்டர்கள் உச்சிவரை கூட்டிப்போய்க் கூட்டிவரும் நாள் அது. கூட்டிப்போகிறவர் அரையடி முன்னால் நடந்து, பாதையைச் சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

"கண்ணப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது. கயித்தக் குடுத்தோமா, நடந்தோமான்னு இருக்கணும்" என்று பொறுப்பாளர் சிந்தாமணி மேடம் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார்.

போன வருஷம் செட்டிகுளம் மலையில் ஜெயப்பிரகாஷ் ஒரு படியைச் சொல்லாமல் விட்டதில் இளையபெருமாள் என்பவர் கால் பிசகி, ஒரு மாதம் கட்டோடு கிடந்தார். அவர் மறந்துவிட்டார். இவனால்தான் முடியவில்லை.

"இந்தத் தடவ ஒரு சிராய்ப்பு ஆனாலும், அடுத்த வருஷம் நீங்க அரியலூர்லயே இருந்துக்குங்க" என்று மேடமும் சொல்லிவிட்டார்.

போதாக்குறைக்கு, சுற்றுவட்டாரம் முழுக்க மெட்ராஸ் ஐ. இவனுக்கும் வந்து ஆறிக்கொண்டிருந்தது. வெயில் கூசுகிறதென்று கருப்புக் கண்ணாடியைத் தேடி மாட்டியதில் பஸ்ஸை விட்டு, தாமதமாக வந்து சேர்ந்தான்.

"உங்க ஆளு வேப்பமரத்தடியில கருப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு நிக்கிறாரு. ஓடுங்க!" என்று கூட்டத்துக்கு நடுவிலிருந்து மேடம் கத்தினார்.

நின்றிருந்தார், சிவசுப்பிரமணியன், ஐம்பது வயது. எல்லாரையும் போல மஞ்சள் பனியன். இவன் கையைத் தொட்டதுமே கயிற்றை நீட்டிவிட்டார்.

"வாங்க சார், மெதுவா போலாம்."

"வாங்க வாங்க. பயப்படாதீங்க தம்பி, நான் இருக்கேன்ல!"

அடேயப்பா, என்ன தைரியம் இந்த மனுஷனுக்கு! தைரியசாலிகள்தான் முதலில் விழுவார்கள்.

அரையடி முன்னால் போனான். அவர் அவனைத் தாண்டி அரையடி போனார். இவன் எட்டிவைத்தான். அவர் தாவிவைத்தார்.

"சார், நான் முன்னால போறேன்."

"ஐயையோ, அதெல்லாம் ஆவாது. நீங்க என் பின்னாலயே வாங்க!"

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் அகழி வாயைப் பிளந்து கிடந்தது.

"சார், படி!"

"மூணு படி" என்றார் அவர்.

மூன்றேதான். கோட்டையையே மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்திருக்கிறாரா?

இப்படியே விட்டால் ஆபத்து என்று ஜெயப்பிரகாஷ் கயிற்றைத் தன் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றினான். அவரும் தன் பங்குக்கு இரண்டு சுற்றுச் சுற்றினார். இப்போது தோளோடு தோள் ஒட்டிக்கொண்டது. அந்தக் கோலத்திலேயே ஒரு குறுகலான வாசலுக்குள் நுழையப் பார்த்து, இருவரும் சிக்கிக்கொண்டார்கள்.

"குனிங்க சார்!" என்று இவன் அவர் தலையை அமுக்கினான்.

"நீங்க குனிங்க தம்பி!" என்று அவர் இவன் தலையை அமுக்கினார்.

எப்படியோ பிய்த்துக்கொண்டு உச்சிக்குப் போய், மூச்சு வாங்கித் திரும்பினார்கள். இறக்கத்தில்தான் வந்தது வினை. வழுக்குப் பாறையைப் பார்த்ததும் பதறிப்போய், விழுந்துவிடப் போகிறாரே என்று ஜெயப்பிரகாஷ் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டான். அதே நொடியில் அவரும் இவன் இடுப்பைக் கட்டிக்கொண்டார். பிறகு நடப்பதற்கு இடமே இல்லை. அடிவாரம்வரை உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து சேர்ந்தார்கள்.

ஜெயப்பிரகாஷ் முதலில் பார்த்தது அவர் முழங்காலைத்தான். ரத்தம். தன் முழங்கை எரிவதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"போச்சு, எல்லாம் போச்சு. மன்னிச்சுடுங்க சார், உங்களப் பத்திரமா கொண்டாந்து சேக்கத் தெரியல எனக்கு" என்றபோது அழுகையே வந்துவிட்டது.

"நீங்க ஏன் தம்பி அழுவுறீங்க? தப்பு பூரா என்னோடது" என்று அவரும் விசும்பினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த சிந்தாமணி மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்துக் கல்லில், மடக்கிய வெள்ளைக்கோலை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்த அம்சவள்ளி, கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்:

"மேடம், நானும் வீரமணியும் அப்பவே உச்சிக்குப் போயி வந்து புளிசாதமும் சாப்பிட்டாச்சு, எங்களுக்கு வழி சொல்ல வந்துட்டு, ஒருத்தர ஒருத்தர் கூட்டிக்கிட்டுப் போனாங்களே, அந்த ரெண்டு சாரும் இவங்கதானா?"