கோட்டைப் பூங்காவும் உன் அண்ணியின் ‘பரவாயில்லை’யும்

அன்புத் தங்கை கிமியேவுக்கு,

பனி இளகி, பிளம் மொட்டுகள் கண் விழிக்கும் இந்த இனிய நாளில் நீயும் மாப்பிள்ளையும் ஒசாகாவில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதத்தைப் பருவத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதற்காக அப்படி எழுதினேன். இங்கே வாசலில் இன்னும் இடுப்பளவு பனி. பிளம் மரம் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை.

நான் ஓய்வு பெற்றபோது, கோட்டைப் பூங்காவுக்கு இருவர் போய்வர வருஷப் பாஸ் அனுப்பினாயே, அது இந்த மாதத்தோடு முடிகிறது. அடுத்த வருஷத்துக்கும் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் தாயே, உன் அண்ணிக்கு இஷ்டமில்லை. நாற்பத்தோரு வருஷம் ரயில்வே சிக்னலில் இருந்தவன் நான். சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ. ஹிசாயேவிடம் இருப்பதோ ஒரே விளக்கு: பரவாயில்லை.

வசந்தத்தில் செர்ரி பூத்தபோது, பூப் பார்த்தபடி சாப்பிட இடம் பிடிக்க விடியும் முன்பே போய் அகழியோரம் நல்ல மரமாகப் பார்த்து நீலத் தார்ப்பாயை விரித்து, கல்லை வைத்து, நானும் ஒரு கல்லாக ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தவளிடம் “இடம் எப்படி?” என்றேன். “பரவால்லங்க” என்றாள். சரி, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று பாயைச் சுருட்டி வேறு இடம் தேடினால், அதற்குள் ஏதோ கம்பெனி ஆட்கள் இருபது பேர் நாங்கள் விட்ட இடத்தில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிட்டார்கள். நாங்கள் கழிப்பறைச் சுவரோரமாகச் சாப்பிட்டோம். “அவ்வளவு நல்ல எடத்த ஏன் விட்டீங்க?” என்கிறாள்!

அப்படியானால் பரவாயில்லை என்றால் ‘நல்லது’ என்று மனதில் குறித்துக்கொண்டேன். கோடையில் அகழித் தாமரை பார்க்கப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது. “ஐஸ் வாங்கட்டுமா?” “பரவால்ல.” ஓடிப்போய்ப் பச்சைப் பாகு ஊற்றிய ஐஸ் இரண்டு கிண்ணம் வாங்கி வந்தேன். “பல் வலின்னுதானே வேணாம்னேன்” என்றாள். வீணாக்கக் கூடாதே என்று இரண்டையும் நானே தின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். தாமரையைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

இலையுதிர்காலத்தில் செவ்வந்திக் கண்காட்சி. “போட்டோ எடுக்கட்டுமா?” “பரவால்ல.” “பரவால்லன்னா வேணுமா, வேணாமா?” “அதான் சொல்லிட்டேனே!” இப்படியே பொழுது சாய்ந்து, பூங்காவை மூடும் நேரத்து இசையும் ஒலித்துவிட்டது. பூங்கா வழிகாட்டிக் கிழவர் நொசாவா என்னைத் தனியே இழுத்து, “ஐயா, எங்க வீட்லயும் இதே கததான். வார்த்தய விடுங்க, மொகத்தப் பாருங்க” என்றார். பார்த்தேன். சளிக்காக முகமூடி போட்டிருந்தாள்.

போன வாரம், பனிப் பாரம் தாங்கக் கயிறு கட்டி நிறுத்திய பைன் மரத்தடியில் துணிந்து கேட்டேன்: “அடுத்த வருஷத்துக்கும் பாஸ் வாங்கச் சொல்லட்டுமா, கிமியேகிட்ட?” மரத்தையே பார்த்தபடி “பரவால்லங்க” என்றாள். முடிந்தது கதை. உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. வேலையில் இருந்தவரை அவளோடு பகலில் வெளியே போனதே கிடையாது. கழிப்பறைச் சுவரோரம் சாப்பிட்டாலும் அது இருவருமாகச் சாப்பிட்ட சாப்பாடு. அவளுக்கு அலுத்துவிட்டால் நான் என்ன செய்ய?

பருவம் மாறும் நேரம், உடம்பைப் பார்த்துக்கொள். மாப்பிள்ளையின் முதுகுவலி இந்தப் பனியோடு கரைந்து போகட்டும்.

உன் அண்ணன்,
யசுஜி

பி.கு.: தபால்தலை ஒட்ட ஹிசாயேவிடம் கொடுத்தேன், முழுக்கடிதத்தையும் படித்துவிட்டாள். “கிமியே வாங்க வேணாம், பரவால்லன்னேன். நான்தான் அதுக்கு முன்னாடியே வாங்கி வச்சிட்டேனே!” என்று அலமாரியிலிருந்து புதுப் பாஸை எடுத்து நீட்டினாள். இருவருக்கானது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். “வெயில் வந்திருக்கு, பைன் கயிறெல்லாம் அவுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துரலாம். இப்பவே போலாமா?” என்றாள். அந்தச் சந்தோஷத்தில் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? “பரவாயில்லை.” இதோ, வாசலில் மாட்டிய பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். நான் ஓடுகிறேன்.