இவர் இவரே என்று சொல்ல ஒருவர்

எட்டுத் திசையிலும் தேடினாலும் அகப்படாத நெடுந்துறை நாட்டில், ‘இங்கே மக்கள் தங்களைத் தாங்களே ஆள்கிறார்கள்’ என்று அரண்மனை வாசலில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள். அந்தக் கல்லை மக்கள் தொடக் கூடாது என்று பக்கத்திலேயே இன்னொரு கல்லும் இருந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் நடக்கும். அரசராக நிற்கத் தகுதியுள்ளவர் ஒருவரே என்பதால் வாக்கு எண்ணுகிறவர்களுக்கு அதிகச் சிரமம் இல்லை.

நாட்டின் ஓரத்தில் ஓர் ஆறு. ஆற்றுக்கு அக்கரையில் வேறு நாடு. பரிசல் துறையருகே பணியாரக் கடை வைத்திருந்த வேலாத்தாள் தன் ஒரே மகளை அக்கரையில்தான் கட்டிக்கொடுத்திருந்தாள். பரிசலில் ஏறி வெற்றிலை போட்டால், மென்று துப்புவதற்குள் மகள் வீடு வந்துவிடும். புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்த ஒரே போக்கிடம் அதுதான்.

ஒருநாள் அரசருக்கு ஓர் ஐயம் வந்தது. பரிசலில் ஏறிப் போகிறவர் யாரோ, அவர்தான் திரும்பி வருகிறாரா? அமைச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு காலம் இந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாமல் போனதே என்று வருந்தினார்கள். மறுவாரமே ஆணை பிறந்தது. ஆற்றைக் கடக்கக் கடவுச்சீட்டு வேண்டும். அதைப் பெற வேண்டுமானால், ‘இவர் இவரே’ என்று இன்னொருவர் நேரில் வந்து சான்று சொல்ல வேண்டும்.

“நல்லதுக்குத்தான் செய்வாங்க” என்றார்கள் மக்கள்.

அப்போது வேலாத்தாளின் மகளுக்கு நிறைமாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வழியில்லை. அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள் அந்நியப் பெண் என்று இன்னொரு ஆணை இருந்தது. சரி, நாமே போய்விடுவோம் என்று வேலாத்தாள் தம்பியைக் கூட்டிக்கொண்டு அடையாள ஆணையரின் அலுவலகத்துக்குப் போனாள்.

ஆணையர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். “உடன்பிறந்தோர் சான்று ஏற்கப்படாது. இரத்தம் பொய்யுரைக்கும் இயல்புடையது என மாமன்றம் தீர்மானித்துள்ளது.”

அடுத்த நாள் சிறுவயதுத் தோழி சரசாளோடு போனாள்.

“நட்பும் ஏற்கப்படாது. நேற்று மாலை ஆணை வெளியாகியிருக்கிறது. நட்பு கண்ணை மறைக்கும்.”

“கடையில தின்னுட்டுப் போறவங்கள கூட்டியாரலாமுங்களா?”

“உங்களிடம் உண்டவர் உங்களால் ஆதாயம் பெற்றவர். ஆதாயம் நாவை வளைக்கும்.”

இத்தோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த வாரக் கடைசியில் முரசறைந்து இன்னொன்று சொன்னார்கள். சான்று பெற்றுப் போனவர் திரும்பி வராவிட்டாலோ, வேறொருவராகத் திரும்பி வந்தாலோ, சான்று சொன்னவர் அன்று முதல் ‘யாருமல்லாதவர்’ ஆவார். யாருமல்லாதவருக்குப் பங்கீட்டு அரிசி கிடையாது. வழக்காடும் உரிமை கிடையாது. செத்தாலும், செத்தவர் யார் என்ற குறிப்பு இருக்காது.

அன்றைக்கே ஊரில் ஒருவரையொருவர் பார்த்து “வாங்க” என்று சொல்வது நின்றுபோயிற்று. யாரையாவது தெரியும் என்று காட்டிக்கொண்டால் சான்றுக்குக் கூப்பிடுவார்களே! பழகியவர்கள் எதிரே வந்தால் வானத்தைப் பார்த்தார்கள். தினமும் காலையில் கடைக்கு வரும் திருமலைசாமி வாத்தியாரை வேலாத்தாள் வழிமறித்துக் கேட்டாள்.

“ஏனுங் வாத்தியாரே, என்ற புள்ள அங்க ஒத்தையா கெடக்கறா. சட்டம் ஒத்துக்குதோ இல்லியோ, என்னயத் தெரியும்னு ஒரு வார்த்தை வந்து சொல்லிப் பாருங்களே.”

வாத்தியார் இரண்டு பக்கமும் பார்த்தார். “பணியாரம் எனக்கு நல்லாத் தெரியுமுங்க அம்மா. சுட்ட கை யாரோடதுன்னு நான் எப்படி உறுதியாச் சொல்றது?” என்றார். பிறகு அவர் அந்தத் தெருவழியே வரவில்லை.

வேலாத்தாள் மறுபடியும் ஆணையரிடம் போய் நின்றாள். “சொந்தம் சொல்லக் கூடாது, பழகினவங்க சொல்லக் கூடாது, தின்னவங்க சொல்லக் கூடாது. அப்பறம் ஆருதானுங்க சொல்றது?”

“சட்டம் எளிமையானது” என்றார் ஆணையர் பொறுமையாக. “உங்களை முழுமையாக அறிந்தவராகவும், உங்கள்மீது எள்ளளவும் பற்று இல்லாதவராகவும் ஒருவரைக் கொண்டுவாருங்கள்.”

படியிறங்கும்போது, அப்படி ஒரு பிறவி உலகத்தில் இருக்குமா என்று நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில், இருக்கிறது என்று உறைத்தது.

நஞ்சம்மாள்! பக்கத்துத் தோட்டத்துக்காரி. இருவருக்கும் பொதுவாக ஒரு கிணறு. யார் முறைக்குத் தண்ணீர் பாய்ச்சுவது என்று மூண்ட சண்டை வழக்காகி, வழக்கு வளர்ந்து, இருவர் தலையும் நரைத்துவிட்டது. ஒருத்தி கிணற்று மேட்டில் நின்றால் மற்றவள் அந்தப் பக்கம் வரமாட்டாள். அவள் வீட்டு வாசலை மிதிப்பதைவிட ஆற்றில் விழலாம் என்றுதான் வேலாத்தாளுக்குத் தோன்றியது. ஆனால் மகள் முகம் முன்னே வந்தது. போனாள்.

புளி தட்டிக்கொண்டிருந்த நஞ்சம்மாள் தலையைத் தூக்கினாள். “என்னடி, வழி தப்பி வந்துட்டியா?”

வேலாத்தாள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நஞ்சம்மாள் புளியை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

“நீ அங்கயே தங்கிட்டீன்னா நான் ஆருமில்லாதவளாயிருவேனாமா?”

“ஆமா.”

“அப்பறம் கெணத்து வழக்கு?”

“ஆருமில்லாதவ வழக்காட முடியாது. நாஞ் செயிச்சுருவேன்.”

நஞ்சம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். “நட. எனக்குப் பின்னால வா. பக்கத்துல வராதே.”

ஆணையர் கேட்டார்: “இவரை உமக்குத் தெரியுமா?”

“இவளத் தெரியாமயா? என்ற முறைத் தண்ணியத் திருப்பி விட்டவ இவ. வாயி இந்த ஆத்து நீளம். வீம்பு அதுக்கும் மேல. புருசன் செத்ததுக்கு அடுத்த நாளே கடை அடுப்பப் பத்த வெச்சா. நெஞ்சழுத்தக்காரின்னு ஊரெல்லாஞ் சொன்னது நாந்தான்.” நஞ்சம்மாளின் குரல் தணிந்தது. “பொறகு ஒருநா ஆருமில்லைன்னு நெனச்சு கெணத்து மேட்டுல உக்காந்து அழுதா. துணிய வாயில அடைச்சுக்கிட்டு அழுதா. நான் வரப்புக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்தேன். அத மட்டும் ஆருகிட்டயுஞ் சொல்லல.”

வேலாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆணையர் சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பகைவர் சான்று சொல்லக் கூடாது என்று எங்கும் இல்லை. “குறையற்ற சான்று” என்று வியந்து முத்திரை குத்தினார்.

வேலாத்தாள் அக்கரை போய்ச் சேர்ந்த அன்றே வலி கண்டது. பெண் குழந்தை. தீட்டுக் கழியும்வரை மகளுக்குப் பத்தியம் பார்த்தாள், குழந்தைக்கு மருந்து உரைத்துக் கொடுத்தாள். கிளம்பும் நாளில் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்கயே இருந்துரும்மா. அந்த ஊர்ல உன்னய ஆருன்னு சொல்லக்கூட ஆளில்ல.”

“ஒருத்தி இருக்கறா சாமி. நான் போகலீன்னா அவ இல்லாமப் போயிருவா.”

இக்கரையில் இறங்கியபோது ஊர் வேறாக இருந்தது. பகைவர் இருந்தால்தான் சீட்டு கிடைக்கும் என்ற செய்தி பரவியிருந்தது. இல்லாதவர்கள் தேடிப்பிடித்துப் பகைத்துக்கொண்டார்கள். திருமலைசாமி வாத்தியார் எதிர்வீட்டுக்காரரோடு பேசிவைத்துக்கொண்டுதான் அவருடைய வேலியைப் பிடுங்கினார். பேசியதற்கு மேல் கொஞ்சம் பிடுங்கிவிட்டாராம். எதிர்வீட்டுக்காரர் எறிந்த கல் நிஜக் கல். வாத்தியார் தலையில் கட்டோடு திரிந்தார். வடக்குத் தெருவார் தெற்குத் தெருவில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. முதலில் விளையாட்டுக்குத் திட்டியவர்களுக்கு, எங்கே விளையாட்டு முடிந்தது என்று இப்போது நினைவில்லை.

துறையில் முரசு ஒலித்தது. அமைச்சர் ஒருவர் ஓலையை விரித்துப் படித்தார்:

“நம் மக்களில் எந்த இருவரும் ஒருவரையொருவர் நம்பவில்லை என்பது ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டுள்ளது. எனவே, அனைவரும் நம்பத்தக்க ஒருவர் நாட்டுக்கு இன்றியமையாதவராகிறார். அந்த ஒருவர் தொடர்ந்து ஆளப் பெருந்தன்மையுடன் இசைந்துள்ளார். இனித் தேர்தல்கள் தேவைப்படா.”

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லலாமா என்று ஒவ்வொருவரும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றவன் பகைவனாக இருந்தான். வாயை மூடிக்கொண்டார்கள்.

கூட்டத்தின் விளிம்பில் நஞ்சம்மாள் நின்றிருந்தாள். வேலாத்தாள் ஓடிப்போய் அவள் கையைப் பற்றப் போனாள். நஞ்சம்மாள் பக்கத்தில் நின்ற காவலரைக் கண்ணால் காட்டினாள். சான்று பெற்றவர்களின் பகை குறைந்திருக்கிறதா என்று கவனித்துக் குறித்துக்கொள்வது அவர் வேலை. குறைந்திருந்தால் சான்று செல்லாது. செல்லாத சான்று சொன்னவளும் யாருமல்லாதவள்தான்.

“வந்துட்டியாடி, சனியனே!” என்று ஊர் கேட்கக் கத்தினாள் நஞ்சம்மாள்.

வேலாத்தாள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பிறகு அவளும் கத்தினாள். “வராம? உங்கிட்டத் தோத்துப் போவேன்னு நெனச்சியாடி?”

கைநீட்டித் திட்டிக்கொண்டே இருவரும் தோட்டத்துப் பாதையில் நடந்தார்கள். காவலர் சற்றுத் தள்ளிப் பின்னாலேயே வந்தார்.

“போன சிறுக்கி, புள்ளைக்குப் பேரு வெச்சியா, இல்ல அதுக்கும் வக்கில்லியா?”

“வெச்சேண்டி! உன்ற பேருதாண்டி, நாசமாப் போறவளே!”

நஞ்சம்மாளின் நடை தடுமாறியது. முகத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டு, “உன்ற குடும்பமே வெளங்காதுடி!” என்று முன்னைவிட உரக்கக் கத்தினாள். குரல் பாதியில் உடைந்தது.

அவள் ஆத்திரத்தில் அழுகிறாள் என்று காவலர் எடுத்துக்கொண்டார். ‘இவ்விருவரின் பகை முன்னிலும் கடுமையாகியுள்ளது’ என்று எழுதி அரண்மனைக்கு அனுப்பினார். அன்று ஊரெங்கும் இன்னும் எத்தனையோ பேர் திட்டிக்கொண்டு போனார்கள். அந்தத் திட்டுகளில் இந்த வகை எவ்வளவு என்று பார்க்கச் சொல்லி ஆணை ஏதும் இல்லை. வந்த குறிப்புகளையெல்லாம் படித்துவிட்டு, அரசர் நிம்மதியாகத் தூங்கப் போனார்.