இருபத்தைந்து மில்லிமீட்டர் இறக்கம்

கார் உயரமாக நிற்கிறது. சர்வேயருக்கு வந்த துக்கம் அவ்வளவுதான்.

ஐம்பத்து நான்காம் வயதில், பிள்ளைகள் இருவரும் வேலை கிடைத்து வேறு ஊர்களுக்குப் போன பிறகு, வீட்டின் அமைதி தாங்காமல் அவர் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே கதவு. கருநீலம். பின் இருக்கை என்று பெயருக்கு ஒன்று இருந்தது. அதில் ஒரு குடையைப் படுக்க வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவர் அதைத் துடைப்பதைப் பார்த்தால், குளிப்பாட்டிய குழந்தைக்குத் தலை துவட்டுவது போலிருக்கும்.

இரண்டு வருஷம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"சார், வண்டி அழகுதான். ஆனா சேத்துல கால் வைக்கப் பயந்து பாவாடையைத் தூக்கிப் பிடிச்ச மாதிரி நிக்குதே?"

"எது நிக்குது?"

"டயருக்கு மேல பாருங்க. என் நாலு விரல் உள்ள போகுது. ஸ்போர்ட்ஸ் கார்னா தரையோட தரையா கிடக்க வேண்டாமா?"

சொல்லிவிட்டுக் கடை திறக்கப் போய்விட்டார். ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிற மனிதர், சர்வேயருக்கு மட்டும் நோயைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று முதல் எந்தக் காரைப் பார்த்தாலும் சர்வேயரின் கண் டயருக்கு மேலே இருக்கும் இடைவெளிக்குத்தான் போயிற்று. குட்டையான ஸ்பிரிங் மாட்டினால் கார் இறங்கும் என்று தெரிந்துகொண்டார். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். பதினைந்து நாள் கழித்து, டீ குடிக்கும் நேரமாகப் பார்த்து, வீட்டில் விஷயத்தை அவிழ்த்தார்.

"இங்க பாரு, ஸ்பிரிங்கை மாத்தப் போறேன்."

"எந்தக் கட்டிலுக்கு?" என்றாள் மனைவி.

"கட்டில் இல்ல. காருக்கு."

"ஏன், உடைஞ்சிருச்சா?"

"உடையல. உயரமா இருக்கு."

"நீங்ககூடத்தான் உயரமா இருக்கீங்க. மாத்தணும்னு நான் என்னைக்காவது சொன்னேனா?"

அவள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியை. பாதி ஊர் அவளிடம் கோடு போடக் கற்றுக்கொண்டது. மீதி ஊரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. மூன்று வருஷத்துக்கு முன் முதுகெலும்பில் ஒரு வட்டு விலகி, ஒரு மாதம் தரையில் படுத்திருந்தாள். இப்போதும் இடுப்பில் பட்டை கட்டாமல் வெளியே கிளம்புவதில்லை. சாலையில் எங்கே குழி, எங்கே மேடு என்று சர்வேயரின் வரைபடத்தைவிட அவள் இடுப்புக்கு நன்றாகத் தெரியும்.

"குட்டை ஸ்பிரிங் இறுக்கமா இருக்கும். வண்டி தூக்கிப் போடும். அப்படித்தானே?"

"யார் சொன்னது?"

"நீங்கதான். பதினஞ்சு நாளா தூக்கத்துல சொல்றீங்க."

சர்வேயர் டீயைப் பார்த்தார். டீ உதவிக்கு வரவில்லை.

"அது பொதுவா. நல்லாத் தேடினா, வண்டியும் இறங்கும், உட்கார்றவங்களுக்கும் தெரியாத மாதிரி ஸ்பிரிங் இருக்கு. நான் கண்டுபிடிப்பேன்."

"கண்டுபிடிங்க. ஒரே ஒரு சோதனை. ஒரு கண்ணாடி டம்ளர்ல கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்தி மடியில பிடிச்சுக்கிட்டு உட்காருவேன். ரொட்டிக்கடை முன்னால இருக்கிற வேகத்தடை மேல ஓட்டுங்க. என் மேல ஒரு சொட்டு சிந்தினாலும் இந்தக் காரை வித்துட்டு, ஏறி இறங்க வசதியா உயரமான கார் ஒண்ணு வாங்கறோம்."

"சிந்தலைன்னா?"

"சிந்தலைன்னா ஸ்பிரிங்கைப் பத்தி ஆயுசுக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்."

ஆயுசுக்கும் வாயைத் திறக்காத மனைவி! எந்தக் கணவனுக்குக் கிடைக்கும்? கை கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான் காரையே பணயம் வைத்தது உறைத்தது.

மூன்று மாதம் தேடினார். நோட்டுப் புத்தகம் நிறைந்தது. நாற்பது மில்லிமீட்டர் இறக்குவது, முப்பத்தைந்து இறக்குவது எல்லாவற்றையும் அடித்தார். சந்தேகம் கேட்க மெக்கானிக்கிடம் போனார். மெக்கானிக் காருக்கடியில் படுத்தபடியே பேசினான்.

"சார், ஸ்பிரிங் குட்டையானா சக்கரம் மேல வந்து போக இடம் கம்மி. அடிவாங்கக் கூடாதுன்னு கம்பியை இறுக்கமாத்தான் செய்வான். இறக்கமும் வேணும், மெத்தை மாதிரியும் வேணும்னா ஒரே ஒரு வழிதான் இருக்கு."

"என்ன, என்ன?" என்று சர்வேயர் பென்சிலை எடுத்தார்.

"வண்டியை அப்படியே விட்டுட்டு நீங்க கொஞ்சம் வளர்ந்துடுங்க."

இவனும் டீச்சரிடம் படித்தவன்தான். வாய் அங்கிருந்து வந்தது.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். இருபத்தைந்து மில்லிமீட்டர்தான் இறக்கம். ஒரு முனையில் சுருள்கள் நெருக்கம், மறு முனையில் அகலம். சின்னக் குலுக்கலுக்கு ஒரு பாதி இளகிக் கொடுக்கும், பெரிய குழிக்கு மறு பாதி தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. நான்கும் நல்ல சிவப்பு. சாப்பாட்டு மேஜையில் வரிசையாக நிறுத்தி மனைவியைக் கூப்பிட்டார். அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள்.

"கல்லு மாதிரி இருக்கே."

"கையால அழுத்தினா தெரியாது. வண்டி பாரம் விழுந்தா பூ."

"பூவா இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு, அவற்றைத் தள்ளி வைத்து மேஜையைத் துடைத்தாள்.

மாட்டுவதற்கு முன் சர்வேயர் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருந்தது. விரலை விட்டுப் பார்ப்பதெல்லாம் மருந்துக்கடைக்காரர்களுக்கு. காரைக் கொட்டகையில் நிறுத்தி, ரசமட்டம் வைத்து, கூரையின் உயரத்தைச் சுவருக்குக் கொண்டுபோய், பென்சிலை அழுத்தி ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே ஒரு முக்கோணம். தேதி. கையெழுத்து. இதற்குப் பெயர் மட்டக்குறி. கட்டடம் சாயலாம், ஆறு திசை மாறலாம், மட்டக்குறி அசையாது. அதை நம்பித்தான் முப்பது வருஷமாக அவர் ஊர் நிலத்தையெல்லாம் அளந்தார்.

கால்வாய் வேலைக்காக இரண்டு நாள் வெளியூர் போகவேண்டியிருந்தது. காரையும் ஸ்பிரிங் பெட்டியையும் மெக்கானிக்கிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் திறந்தவருக்கு உயிரே போய்விட்டது. கார் இருந்தது. சுவரைக் காணோம். அதாவது, பழைய சுவரைக் காணோம்; புதிதாக மஞ்சள் வர்ணம் பூசிக்கொண்டு வேறொரு சுவர் நின்றது.

"சுவத்தை என்ன பண்ணின?"

"வர்ணம் அடிச்சேன். பழசு உதிர்ந்துக்கிட்டிருந்துச்சு. கார் இல்லாம இடமும் காலியா இருந்துச்சு."

"என் குறி?"

"கண்ணைத் திறந்து பாருங்க. கோடு இருக்கு. முக்கோணம் இருக்கு. தேதி இருக்கு. உங்க கையெழுத்துக் கடைசியில வர்ற அந்தக் கொக்கிகூட இருக்கு."

இருந்தது. வர்ணத்துக்கு நடுவே மச்சம் மாதிரி தெளிவாக இருந்தது. ஒரு குறியைச் சுற்றி ஓரம் பிசகாமல் அடிக்க ஓவிய ஆசிரியையால்தான் முடியும் என்று சர்வேயர் பூரித்துப் போனார். ரசமட்டத்தை எடுத்தார். அளந்தார். கார்க் கூரை குறிக்குக் கீழே இருபத்தைந்து மில்லிமீட்டர். ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. மண்டியிட்டு டார்ச் அடித்துச் சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தார். உள்ளே சிவப்பு தெரிந்தது. கண் கலங்கிவிட்டது.

மறுநாள் சோதனை. மனைவி இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தபடி முன்னிருக்கையில் உட்கார்ந்தாள். அந்த ரொட்டிக்கடைத் தெருவுக்கு அவர் அதற்குமுன் அவ்வளவு பயந்துகொண்டு போனதில்லை. வேகத்தடை நெருங்கியது. முன்சக்கரம் ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கியது. தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து பார்த்தது. பிறகு மனம் மாறி நிமிர்ந்துகொண்டது.

"சிந்துச்சா?"

"இல்லைங்க."

நம்பாமல் திரும்பி வந்து இன்னொரு தடவை ஏற்றினார். மூன்றாம் தடவை ரொட்டிக்கடைக்காரர் வெளியே வந்து என்ன தொலைந்து போயிற்று என்று விசாரித்தார்.

"ஒரு சொட்டுகூட இல்ல" என்றாள் மனைவி. "ஜெயிச்சுட்டீங்க." டம்ளர்த் தண்ணீரை அவரிடமே கொடுத்தாள். குடித்தார்.

அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. காரில் ஏறும்போது வழக்கத்தைவிட அதிகமாகக் குனிந்தார். இறங்கும்போது கிணற்றிலிருந்து ஏறுகிறவர் போல முனகிக்கொண்டே இறங்கினார். "ரொம்பத் தாழ்வாயிடுச்சு பாரு!" என்று பெருமையோடு முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரரை வரவழைத்தார். அவர் குனிந்து விரலை விட்டார்.

"சார், இப்பவும் நாலு விரல் போகுதே?"

"உங்க விரல் இளைச்சிருக்கு."

"போன வாரந்தான் மோதிரம் கழற்ற முடியாம சோப்பு போட்டேன் சார்."

"விரல் ஒரு அளவா? இங்க வாங்க." சுவருக்கு இழுத்துப் போனார். "இது மட்டக்குறி. இது கூரை. நடுவுல எவ்வளவு? நீங்களே படிங்க."

மருந்துக்கடைக்காரர் குறியைப் பார்த்தார். புதுச் சுவரைப் பார்த்தார். பிறகு எதற்கோ ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலில் டீச்சர் தூரிகை கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்," என்றார் மெதுவாக. "நல்லாவே இறங்கியிருக்கு."

ஒரு மாதம் கழித்து சர்வேயரின் பிறந்தநாள் வந்தது. மனைவி ஒரு ஸ்டூலைப் பரிசாகக் கொடுத்தாள். மேலே வட்டப் பலகை. கீழே காலுக்குப் பதில் கறுப்பு ஸ்பிரிங் நான்கு.

"வீணாக் கிடந்த ஸ்பிரிங். தூக்கிப்போட மனசு வரல. மெக்கானிக்கைத்தான் செய்து தரச் சொன்னேன்."

அதைக் கொட்டகையில் போட்டு, தினமும் சாயங்காலம் அதில் உட்கார்ந்து காரைப் பார்ப்பது அவருக்கு வழக்கமாயிற்று. உட்காரும்போதெல்லாம் ஒரு முறை எம்பிப் பார்ப்பார். ஸ்டூல் அசையாது.

"அடேயப்பா, கல்லு! இதுமேலயா ரெண்டு வருஷம் போனோம்? உன் இடுப்பு தப்பிச்சது பெரிய காரியம்."

"தப்பிச்சதுங்க" என்பாள் மனைவி. அதற்குமேல் ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். கொடுத்த வாக்கு.

மழை பிடித்த ஒரு மத்தியானம். சாரல் அடிக்கிறதே என்று ஸ்டூலை உள்ளே இழுத்தார். ஒரு கால் சிமெண்ட் படியில் உரசியது. கறுப்பு ஓடு ஓடாகப் பெயர்ந்தது.

உள்ளே சிவப்பு.

நகத்தால் சுரண்டினார். இன்னும் சிவப்பு. நான்கு காலையும் சுரண்டினார். பிறகு காருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, சக்கரத்துக்குள் கைவிட்டு அங்கிருந்த சிவப்பைச் சுரண்டினார். அங்கே உள்ளே கறுப்பு.

பிறகு எழுந்து போய்ச் சுவரைத் தடவினார். குறிக்குக் கீழே, கார்க் கூரைக்கு நேரே, மஞ்சள் வர்ணத்துக்கு அடியில் ஒரு மெல்லிய பள்ளம் விரலில் தட்டியது. அவர் அழுத்திப் போட்ட கோடு. கார் இறங்கவில்லை. மட்டக்குறிதான் ஏறியிருந்தது.

மனைவி உள்ளறையில் பிள்ளைகளின் ஓவியத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சர்வேயர் வாசற்படியில் நின்றார்.

"என்கிட்ட பொய் சொல்லிட்டியே."

"எந்தப் பொய்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

யோசித்தார். சுவர், குறி, டம்ளர், ஸ்டூல் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

"சொல்லாம இருந்தியே!"

"ஸ்பிரிங்கைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன்னுதானே பேச்சு?"

"ஏன் இப்படிப் பண்ணின?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "மெக்கானிக்கைப் போய்க் கேட்டேன். சிவப்பை மாட்டினா முதல் வேகத்தடையிலயே டம்ளர் காலின்னான். டம்ளர் காலியானா கார் போயிடும். கார் போயிட்டா ஞாயித்துக்கிழமை காலையில நீங்க எதைத் துடைப்பீங்க?"

சர்வேயர் நகத்தில் ஒட்டியிருந்த வர்ணத்தைச் சுரண்டினார். இருந்தாலும் ஒரு வீட்டுக்குத் தலைவர் இல்லையா? நிமிர்ந்து நின்றார்.

"சரி. இப்ப எனக்கு உண்மை தெரிஞ்சு போச்சு. நாளைக்கே அந்த ஸ்பிரிங்கைக் கழட்டி..."

"தாராளமா மாட்டுங்க," என்றாள் மனைவி, அடுத்த தாளை எடுத்தபடி. "டம்ளரைக் கழுவி வைக்கிறேன்."

மறுநாள் காலை வெயில் நன்றாக அடித்தது. சர்வேயர் கொட்டகை வாசலில் ஸ்டூலைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு, கறுப்பு வர்ண டப்பாவும் சின்னத் தூரிகையுமாக உட்கார்ந்திருந்தார். இந்த விஷயம் நான்கு சுவருக்குள், இரண்டு பேரோடு போகட்டும். அந்த ஒரு மானமாவது மிஞ்சட்டும். சிவப்பு தெரிந்த இடங்களை ஒவ்வொன்றாக மூடினார்.

மதில்மேல் முழங்கை ஒன்று வந்து ஊன்றியது.

"என்ன சார், ஸ்டூலுக்கு வர்ணமா?"

"ஆமா. துருப்பிடிக்கக் கூடாதில்ல."

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"சிவப்பு தெரிஞ்சிருச்சா? டீச்சர் அப்பவே ரெண்டு பூச்சு அடிக்கச் சொன்னாங்க சார். சார்தானே உட்காரப்போறார், ஒண்ணு போதும்னு நான்தான் விட்டுட்டேன்."