கிழக்குச் சுவர்

"என் அப்பாவைக் கதவுப் பக்கம் மாட்டினா, படத்தைத் தூக்கிட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன்!" என்றார் ஹைமன் தாஷ்கர்.

நப்தலி கெர்பர் சுத்தியலைக் கீழே வைத்தார். மணி இரண்டு. மூன்றுக்குள் படங்கள் சுவரேறாவிட்டால் கண்காட்சியே கிடையாது என்று காட்சிக்கூடத்தின் உரிமையாளர் கண்டிப்பாகத் தெரிவித்திருந்தார். கிழக்கு லண்டனில் ஒரே தெருவில் பிறந்து, ஒரே மாலை வகுப்பில் தூரிகை பிடிக்கக் கற்ற யூத ஓவியர்கள் நால்வர், எழுபது வயதைக் கடந்தபின் நடத்தும் முதல் கூட்டுக் கண்காட்சி அது. கலந்து பேசாமலேயே நால்வரும் தத்தம் தந்தையை வரைந்திருந்தனர். நால்வருக்கும் கிழக்குச் சுவரே வேண்டியிருந்தது.

காரணம் உண்டு. அவர்களது பழைய ஜெபக்கூடத்தில், எருசலேமை நோக்கிய, நடுவில் வேதச்சுருள் பேழை அமைந்த கிழக்குச் சுவரோரம் செல்வந்தர்களுக்கே உரியது. தையற்காரத் தந்தையர் பின்னால் நெருக்கியடித்து நின்றனர். துணி தேய்க்கும் லாசர் கெர்பரோ நாற்பது ஆண்டுகள் கதவை ஒட்டியே நின்றார். யார் நுழைந்தாலும் குளிர்காற்று முதலில் அவர் பிடரியைத்தான் விசாரித்தது.

"ஒரு நாள் உங்களைக் கிழக்குல நிறுத்துவேன், அப்பா" என்று பத்து வயதில் நப்தலி வாக்களித்தார். லாசர் சிரித்து, மகனின் சட்டைப்பையில் ஒரு சர்க்கரைக்கட்டியைப் போட்டார்.

ஆகவே, அன்று காலை தூறலில் நனைந்தபடி உள்ளே நுழைந்த நால்வரும், கதவுக்கு நேர் எதிரே இருந்த வெள்ளைச் சுவரை நோக்கி ஒருங்கே நடந்தனர். ஜெபக்கூடத்திலும் கிழக்கு அங்கேதான் இருந்தது.

நப்தலி நாடாவால் அளந்தார். நான்கு படங்களும் அருகருகே சரியாக அடங்கின.

"நடுவுல வேதச்சுருள் பேழைக்கு இடம்?" என்றார் மோரிஸ் ஸ்லட்கின்.

"இது காட்சிக்கூடம்டா, மோரிஸ்."

"இருக்கட்டும். பேழை இருக்கற இடத்துல எங்கப்பா முதுகைக் காட்டிட்டு நின்னதே இல்லை."

நடுவில் இடம் விடப்பட்டது. இப்போது ஒரு படம் மிஞ்சியது. நப்தலி இரண்டு வரிசையாக மாட்டினார்.

"டேய் ஹைமன்!" என்று அலறினார் பெஸ்ஸி லிப்கின். "உங்கப்பா பூட்ஸ் எங்கப்பா தொப்பி மேலயா?"

"அப்போ உன் படத்தை மேல மாட்டிக்கோ."

"மேல மாட்டினா எப்படிடா புரியும்? ஜெபக்கூடத்துல பெண்கள் உட்கார்ற மேல்மாடத்துலேர்ந்து நான் குனிஞ்சு பார்த்தது."

உண்மைதான். அவர் படத்தில் ஒரு தொப்பியும் இரு தோள்களும் மட்டுமே இருந்தன.

ஹைமன் கண்ணாடியைத் துடைத்து உற்றுப் பார்த்தார். "தொப்பியில இருந்த பொத்தலைக்கூட விடலையே நீ."

"எலி கடிச்சது. தைக்கவே நேரமில்லை அவருக்கு."

"தையற்காரர் வீட்டுல!"

நால்வரும் கண்ணில் நீர் வரச் சிரித்தனர். பிறகு மோரிஸ், தம் தந்தைதான் பேழைக்கு வலப்பக்கம் என்றதும் சண்டை புதுப்பிக்கப்பட்டது.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நப்தலி தம் படத்தைக் கழற்றினார்.

"நான் விலகிக்கறேன். மூணு படம்னா தாராளமா அடங்கும்."

அவர் கூடத்தைக் கடந்து சென்று, கதவை ஒட்டிய வெறுஞ்சுவரில் ஆணி அடித்து லாசரை மாட்டினார்.

பெஸ்ஸி மெதுவாக அருகில் வந்தார். "மறுபடியும் குளிர்ல நிக்கறாரேடா."

"பழகினவர்தான்" என்றார் நப்தலி. சட்டத்தை நேர்செய்யும் சாக்கில் அவர் திரும்பவே இல்லை.

அப்போது, கூடத்தைத் துப்புரவு செய்யும் டோரீன் துடைப்பத்துடன் வந்து, முதலில் எதிர்ச்சுவரையும் பிறகு கதவையும் பார்த்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. கிழக்கு, கிழக்குன்னு காலையிலேர்ந்து அடிச்சுக்கிட்டீங்களே... தினமும் காலையில நான் பெருக்கறப்போ வெயில் இந்தக் கதவு வழியாத்தானே வருது. கடைசியில ஏன் இவர் அப்பாவை மட்டும் கிழக்குல மாட்டியிருக்கீங்க?"